பிகோஸ் போடாத கடிதம்

டொக்யார்ட் வீதியில் என் கடை.
ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர்,
நடுவில் நான்.
ஆங்கிலக் கடிதம் பக்கத்துக்கு இருநூறு ரூபா.
பிழைக்குப் பொறுப்பில்லை என்று
சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

திங்கள் மத்தியானம் உதுமாலெப்பை வந்தார்.
சாரத்தில் டீசல் மணம்.
இன்சூரன்ஸ் போம், கிண்ணியாவிலிருந்து
பொலித்தீன் பைக்குள் நனையாமல் வந்திருந்தது.
பதினோராம் கட்டம்: விபத்து எப்படி நிகழ்ந்தது?
"சொல்லுங்க" என்றேன்.
"இஞ்சின் நிண்டு, அல தூக்கி, கல்லுல அடிச்சு,
தோணி ஒடஞ்சு போச்சு புள்ள."
இடையில் மூச்சு விடவில்லை மனிதர்.

செவ்வாயும் வியாழனும் இரவில்
நான் டிப்ளோமா வகுப்புக்குப் போகிறேன்.
போன கிழமைப் பாடம், வாக்கியம் மூன்று வகை.
எழுவாயும் பயனிலையும் ஒரு சோடி என்றால் சிம்பிள்.
தன் காலில் நிற்கும் இரண்டை
அண்ட், பட், சோ என்று கயிறு போட்டால் கொம்பவுண்ட்.
ஒன்று நிற்க மற்றது அதில் சாய்ந்தால் கொம்ப்ளெக்ஸ்;
சாய்ந்ததைத் தனியே விட்டால் விழும்.
வினையை எண்ணு, பிறகு இணைப்பைப் பார் என்று
கொப்பியில் சிவப்புக் கோடு.

எண்ணினேன்.
நிண்டு, தூக்கி, அடிச்சு: மூன்றும் எச்சம்.
முற்று என்று கடைசியில் ஒரு "போச்சு".
தமிழுக்கு அது போதும்.
ஆங்கிலமோ ஒவ்வொரு வினைக்கும்
ஓர் ஆளைக் கூட்டிவரச் சொல்கிறது.

முதலில் துண்டு துண்டாக அடித்தேன்.
இஞ்சின் நின்றது. அலை தூக்கியது.
தோணி கல்லில் அடித்தது. தோணி உடைந்தது.
பொலிஸ்காரர் அதட்டி அதட்டிக் கேட்க
பயந்தவன் பதில் சொன்ன மாதிரி.

அண்ட் போட்டுக் கோத்தேன்.
இஞ்சினும் அலையும் கல்லும்
டோக்கன் எடுத்து ஒரே வரிசையில் நின்றன.
எவர் மேலும் குற்றமில்லை.
கொழும்பில் இருப்பவன் கொட்டாவி விடுவான்.

கொம்ப்ளெக்ஸ் எழுதினால் வகுப்பில் கூடப் புள்ளி.
அந்த ஆசையில் அடித்தேன்:
இஞ்சின் நின்றபடியால் தோணி கல்லில் அடித்து உடைந்தது.
வடிவாக இருந்தது.
பிரின்ட் எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"படியால் எண்டு நான் சொல்லல்லயே.
இஞ்சின் ஏன் நிண்ட எண்டு கேப்பான்.
சேர்விஸ் பண்ணின பில் எங்க எண்டு கேப்பான்.
அலயப் பத்தி ஒண்டும் கேக்கமாட்டான்."

அந்தச் சொல்லைத் திரையில் பார்த்தேன்.
பிகோஸ். ஆங்கிலத்தில் ஏழெழுத்து.
ஏழெழுத்துக்குள் அலை காணாமல் போய்விட்டது.
வகுப்பில் சாய்ந்து நின்ற துண்டு
இங்கே வந்து தோணியைச் சாய்க்கிறது.
சின்ஸ் போடலாமா? அதே கூண்டு, வேறு பூட்டு.
வென் போட்டேன்.
அதற்கு நேரம் மட்டும் தெரியும், பழி தெரியாது.
இஞ்சின் நின்றபோது பெரிய அலையொன்று தோணியைத் தூக்கியது,
அண்ட், தோணி கல்லில் அடித்து உடைந்தது.
சாய்ந்தது ஒன்று, நிற்பது இரண்டு.
மூன்று வகையில் எதிலும் இது அடங்கவில்லை.
வியாழக்கிழமை கேட்கவேண்டும்.

"இன்னம் ஒண்டு எழுதுங்க.
மகனுக்குக் காயமில்ல."
மகனும் தோணியிலா என்று நான் கேட்கவில்லை.
அதற்குக் கட்டம் இல்லையே என்றேன்.
"கட்டத்துக்கு வெளிய எழுதுங்க."
ஓரத்தில் அடித்தேன்.
ஓர் எழுவாய், ஒரு வினை.
எண்ணாமலே தெரிந்தது.

பிழைத்தாளைக் கசக்கி வாசல் பெட்டியில் போட்டேன்.
கோட்டைப் பக்கத்து மான்களில் ஒன்று,
ஒற்றைக் கொம்பு முறிந்தது,
தலையை விட்டு இழுத்து
படியாலைப் படியிலேயே நின்று தின்றது.

அவர் நானூறு வைத்தார்.
இருநூறுதான் என்றேன்.
"ரெண்டு தாள் அடிச்சீங்கதானே,
ஒண்டு எனக்கு, ஒண்டு அதுக்கு."